தேவதாரு மேடையும் கிழக்குக் கதவும்

மே 6, புதன்

காலை 10.40க்கு, மூன்று நாள் ஆலோசனைக்குப் பின், மாடி மேடைப் பலகைகளைத் தெற்கு வடக்காகப் போடுவது என்று தீர்மானிக்கப்பட்டது. கிழக்கு மேற்குத் தரப்பின் வாதங்களும் பொறுமையாகக் கேட்கப்பட்டன. இந்த ஊரில் இதைவிடச் சிறிய விஷயங்களுக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதி, முத்திரை வைத்து, கப்பலில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்தே முப்பத்துநாலு வருஷம் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் இதையும் பதிவு செய்கிறேன்.

ஆஜரானோர்: நான். தச்சர் கரீம் பாய். கட்டிலில் படுத்தபடி வி. (விசாலம், என் மனைவி. ஞாபகம் போகிற வயசு, அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன்). போனில் மகன் அருண், பிரெஞ்சு தேசத்துத் துலூஸிலிருந்து.

காரணம்: கதவிலிருந்து நேரே தள்ளும்போது பலகைகள் அதே திசையில் இருந்தால் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் இடுக்கோடு ஓடி மாட்டும். குறுக்கே இருந்தால் தாண்டிப் போகும். ஆகவே கதவுச் சுவருக்கு இணையாக, கைப்பிடிச் சுவர் வரை, 22 பலகை.

வெயில்: கத்திரி மூன்றாம் நாள். மேற்குக் காற்று. கடல் நாலு தெரு தள்ளி இருக்கிறது என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. கொடியில் போட்ட துண்டு பதினைந்து நிமிஷத்தில் அப்பளம்.

மே 7, வியாழன்

மாடி நிலவரம். வி.யின் அறைக்கு ஒரே ஒரு நல்ல கதவு, கிழக்கே பார்த்தது, வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. திறந்தால் மொட்டை மாடி அரையடி பள்ளம். தரை ஓடு நாலு இடத்தில் பெயர்ந்தது. பகல் பதினொன்றுக்கு மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. மாடியிலிருந்து சந்துக்கு இறங்க வெளிப்படிக்கட்டு. வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டு முறுக்கு மரப்படி, ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறலாம். கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதம் கூட்டிவந்தபோது நாலு பேர் வெளிப்படி வழியாக நாற்காலியோடு தூக்கி, அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள்.

வி.க்குப் புற்று முதுகெலும்பில் பரவிவிட்டது. கால் இரண்டும் இல்லை மாதிரிதான். டாக்டர் சின்னப் பையன், நல்ல மாதிரி. "இங்க வச்சிருந்து ஒண்ணும் ஆவப்போறதில்ல சார். வீட்டுல அவங்க கேக்கறத செஞ்சு குடுங்க." ஐப்பசி மழை வரைக்குமா என்று கேட்டேன். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

வி. கேட்டவை:
1. மாத்திரை நேரத்துக்கு.
2. பார்க்க வருகிறவர்கள் அழக்கூடாது. அழுகிறவர்களைக் கீழேயே அழவைத்து அனுப்ப வேண்டும்.
3. "ஒரு மழ வந்தா வெளில போயி ஒக்காரணும். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்."

முதல் இரண்டும் நிர்வாக விஷயம், நடக்கிறது. மூன்றாவதற்கு மேடை வேண்டும். மழையும் வேண்டும்.

மேடை தேவதாரு மரத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அருணின் முடிவு. அவன் வீட்டுக்குப் பின்னால் ஒன்று கட்டியிருக்கிறான். உளுத்துப்போகாதாம், காலில் சுடாதாம். லீவு கிடைக்கவில்லை. மரம் கிடைத்துவிட்டது.

மே 8, வெள்ளி

மரம் வந்தது. இமயமலை, சென்னை, விழுப்புரம் ரோட்டுக் கடை, அங்கிருந்து குட்டியானை வண்டியில் எங்கள் சந்து. இவ்வளவு தூரம் வந்த மரம் கடைசி இருபது அடிக்கு மாட்டிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுக்க முக்கால் மணி நேரம்.

ஏற்றியது ஏழுமலை. பாயிடம் கோடையில் மட்டும் வேலை செய்கிறவர். பாகூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறார். மழை விழுந்தால் வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இந்த வீட்டில் மழையை எதிர்பார்ப்பவர்கள் பட்டியலில் இரண்டாவது ஆள்.

பலகையைச் சீவியதும் அறை முழுக்க வாசனை. வி. கண்ணைத் திறந்தாள்.

"முப்பது பசங்க ஒரே நேரத்துல பென்சில் சீவற மாதிரி இருக்கு."

நாற்பது வருஷம் ஆரம்பப் பள்ளி டீச்சர். அவள் பாடம் எடுத்த முதல் வகுப்பில், இரண்டாம் கிளாஸில், படித்தவர் கரீம் பாய். தாடி நரைத்துவிட்டது. இன்னும் அவள் எதிரில் உட்காரமாட்டார்.

"கரீம், ஏழேழு?"

"டீச்சரு, இது நியாயமில்ல. ஏழு எனக்கு வராதுன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"சொல்லு."

"நாப்பத்தி..." என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். "நாப்பத்தேழு."

"ஏங்க, இவன்கிட்டயா அளவு குடுத்திருக்கீங்க?"

ஏப்ரலுக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். பாய் பன்னிரண்டரைக்கு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். போகும்போது மாடிப்படியில் நின்று அடுத்த பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்தது தெரிந்தது. விதி 2 மீறப்படவில்லை. படி, அறை ஆகாது.

மே 11, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. கரண்ட் இரண்டு தடவை போனது. ரொட்டிக்காரர் வரவில்லை. கீழ்ச்சட்டங்கள் போட்டாகிவிட்டது.

இன்று இடைவெளிப் பிரச்சினை. அருண் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு நாணயத்தைச் செருகி, அந்தக் கனத்துக்கு இடம் விட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். சுவரோரம் ஒரு விரல்கடை விட வேண்டும். போனில் சொன்னான்: "அப்பா, மரம் நீளத்துல வளராது. அகலத்துலதான் வளரும். ஈரம் பட்டா ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் ஊதும். எடம் இல்லன்னா தூக்கிக்கும்."

பாயிடம் வீடியோவைக் காட்டினேன். ஏதோ ஆபாசப் படம் மாதிரி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிரெஞ்சு படித்தவன் என்பதால் அவருக்கு நான் ஐயா இல்லை, முசே.

"இது மேடையா முசே, ஏணியா?"

"அங்க எல்லாரும் இப்படித்தான் போடறாங்களாம்."

"அங்க போடட்டும். நான் போட்ட பலகையில சந்து தெரிஞ்சா எங்க அத்தா கனவுல வந்து ஒதைப்பாரு."

பிறகு சொன்னார். அவருடைய அத்தா (அப்பா) பள்ளிவாசலுக்குப் பலகை அறுத்துக் கொடுத்தவர். கபுர்க் குழியில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, வைத்த பிறகு மேலே மூடுகிற பலகை. கூலி வாங்கமாட்டாராம். "பலகைக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு மண்ணு எறங்கக் கூடாது. உள்ள இருக்கற ஆளு மொகத்துல வுழும் இல்ல? எறங்கிச்சின்னு தெரிஞ்சா அன்னிக்கு வூட்ல சோறு துண்ண மாட்டாரு. எனக்கு வேல கத்துக் குடுத்ததே அந்தப் பலகையிலதான்."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே நின்று சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. உளியைக் கீழே வைத்தார். முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

வி. கட்டிலிலிருந்து: "அது மேல மூடற பலகைடா. இது கீழ போடற பலகை. ஸ்கேல் கனம் எடம் வுடு, போதும்."

"டீச்சரு, ஒங்க சக்கரம் மாட்டும். மாத்திர கீழ வுழுந்தா சந்துல போயிடும். பூரான் ஏறும்."

இரண்டு தரப்பும் என்னைப் பார்த்தன. முன்சக்கரத்தை அளந்தேன். அகலம் ஒரு அங்குலம்கூட இல்லை. இங்கே ஈரம் எங்கே இருக்கிறது என்றும் தோன்றியது. கையில் இருந்த செய்தித்தாள் காய்ந்த கருவாடு மாதிரி நொறுங்குகிறது. இடைவெளி வேண்டாம் என்று தீர்ப்பளித்தேன். வி. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி. பெரியவங்க சொல்லிட்டீங்க."

அருணிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 14, வியாழன்

வி.க்கு மோசமான நாள். எழுத ஒன்றுமில்லை.

எட்டுப் பலகை முடிந்தது.

மே 16, சனி

காலையில் பார்த்தால் எட்டுப் பலகைக்கும் நடுவில் சந்து. அருண் சொன்ன அதே நாணயக் கனம். மரமே அருண் கட்சிக்குப் போய்விட்டது. வெயிலில் சுருங்கியிருக்கிறது.

பாய் வந்து பார்த்தார். எல்லாத் திருகாணிகளையும் கழற்றினார். ஆப்பு வைத்து, பெரிய சுத்தியலால் அடித்து அடித்து நெருக்கி, மறுபடி முடுக்கினார். கீழே வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் ஏறி வந்து என்ன சத்தம் என்று கேட்டார். மருத்துவச் சிகிச்சை என்றேன்.

ஏழுமலை பீடி பற்றவைக்க ஓரமாகப் போய், அங்கிருந்தே சொன்னார்: "எங்கப்பன் மாட்டுவண்டி ஓட்டனவரு சார். கோடையில சக்கரம் லொடலொடன்னு ஆடும். மழையில நனைஞ்சா ஆரக்கால் எல்லாம் இறுகிப் போயி அசையாது. மரம் தண்ணி குடிக்கும்."

பாய்: "இது மாட்டுவண்டி இல்லய்யா."

ஏழுமலை: "மாடு மட்டும்தான் இல்ல."

நான் இதைக் கேட்டேன். சிரித்தேன். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மே 19, செவ்வாய்

வாங்க வேண்டியவை: ஆளி விதை எண்ணெய் 5 லி., பிரஷ், பஞ்சு, வி.க்கு வாட்டர் பெட், எறும்புப் பொடி, வாழைக்காய்.

அருண் கேட்டான், இடைவெளி விட்டாச்சா என்று. வேலை நன்றாகப் போகிறது என்றேன். முப்பத்துநாலு வருஷ மொழிபெயர்ப்பு அனுபவம். பொய்யும் சொல்லவில்லை, பதிலும் சொல்லவில்லை.

மேற்குக் காற்று. சாயந்திரம் வழக்கமாக வரும் கடற்காற்று ஐந்தாவது நாளாக வரவில்லை. பாய் தினமும் காலையில் வந்து முந்தின நாள் பலகைகளை மறுபடி நெருக்குகிறார். கடைசிப் பலகைக்கு இடம் கூடுதலாக வந்துவிட்டது. அதற்கு ஒரு மெல்லிய பட்டையைச் சீவி இறக்கினார். ஆக 22 பலகை, 1 பட்டை. கைப்பிடிச் சுவரில் முட்டிய இடம் முதல் கதவு நிலை வரை, ஒரே தகடு.

மே 23, சனி

முடிந்தது.

மேடை கதவு நிலையோடு சமம். கதவின் அடியில் அரை விரல் இடம். திறந்தால் பலகையை உரசாமல் வெண்ணெய் மாதிரி போகிறது. பாய் பத்துத் தடவை திறந்து திறந்து மூடினார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். பூந்தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணல். மேடை முழுக்கத் தூவினார். துடைப்பத்தால் நாலு பக்கமும் இழுத்தார். அப்புறம் படுத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துக் கீழே பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். எழுந்து வந்து அறை வாசலில் நின்றார்.

"டீச்சரு. ஒரு மண்ணு எறங்கல."

வி. அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஸ்லேட்டில் சரி போடுகிற மாதிரி விரலால் காற்றில் ஒரு கோடு போட்டாள்.

எண்ணெய் மேல் பக்கம் மட்டும் அடித்தாயிற்று. அடிப்பக்கம் போடும் முன்பே அடித்திருக்க வேண்டும் என்று அருணின் வீடியோவில் இருக்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்.

மே 24, ஞாயிறு

சாயந்திரம் 5.30. நானும் ஏழுமலையும் தூக்கி நாற்காலியில் வைத்தோம். தள்ளினேன். கதவு நிலையைத் தாண்டியது அவளுக்கே தெரியவில்லை. "எப்ப வெளில வந்தோம்?" என்றாள்.

செருப்பைக் கழற்றச் சொன்னாள். கால் பலகையில் படும்படி இறக்கி வைத்தேன். காலில் உணர்வு கிடையாது. இருந்தும், "சூடே இல்ல" என்றாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சூடுதான். இல்லை என்றேன்.

அரையடி உயர்ந்திருப்பதால் கடல் தெரியும் என்று அருண் சொல்லியிருந்தான். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. கறுப்பு, ஆயிரம் லிட்டர்.

"தொட்டிக்குப் பின்னால கடல் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும். எங்க போயிடப் போவுது."

நாற்பது நிமிஷம். ஒரு காக்கா வந்தது, பலகையைக் கொத்திப் பார்த்தது, போய்விட்டது. ஒரே ஒரு தடவை வி. கேட்டாள்: "மழையில இது வழுக்குமா?" "வழுக்காது. வரி வரியா இருக்கு." "சரி, என்னப் புடிச்சுக்குங்க எதுக்கும்."

அருணுக்கு போட்டோ அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான். பதில்: "அழகா இருக்கு. கேப் எங்கப்பா?"

மே 29, வெள்ளி

கத்திரி போய்விட்டது என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்குக் காலண்டர் படிக்கத் தெரியவில்லை.

நேற்றுப் பெருநாள். பாய் வீட்டிலிருந்து பிரியாணி. வி. தட்டை முகத்தருகே கொண்டுவரச் சொன்னாள். வாசனை பார்த்தாள். ஒரு பருக்கை நாக்கில் வைத்தாள். "நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. ரெண்டு தட்டு சாப்ட்டேன்னு சொல்லுங்க." சொன்னேன். இரண்டையும் நான்தான் சாப்பிட்டேன், ஆகவே எண்ணிக்கையில் பிழை இல்லை.

ஜூன் 4, வியாழன்

மேடைக்குத் தூக்குவது நாலாவது நாளாக இல்லை. தூக்கினால் வலி. வீட்டுக்கு வரும் நர்ஸம்மா மருந்தைக் கூட்டியிருக்கிறார். "தூக்கம் ஜாஸ்தியா இருக்கும், எழுப்பாதீங்க."

வி. விழித்திருக்கும் நேரம் இப்போது மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை, ஏதோ அரசு அலுவலகப் பார்வையாளர் நேரம் மாதிரி. அந்த நேரத்தில் கதவைத் திறந்து வைக்கிறேன். படுத்தபடி மேடையைப் பார்க்கிறாள். பலகை மேல்பக்கம் வெளுத்துச் சாம்பல் நிறம் ஆகிறது. அவளுக்கும் அது தெரிகிறது. "எனக்கு முன்னாடியே நரைச்சிடுச்சு." அவள் தலையில் முடி இல்லை.

ஜூன் 10, புதன்

மேற்கே மேகம். சாயந்திரம் நாலு மணிக்கு பாய் போன்.

"முசே, பிள்ளைச்சாவடில வேலையா வந்தேன். இங்க மழ ஊத்துது. டீச்சர வெளில வைங்க, வந்துடும் அங்க."

ஏழுமலைக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். நாற்காலியில் வைத்தோம். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. மேடைக்குத் தள்ளி, ஐந்தே முக்கால் வரை உட்கார்ந்திருந்தோம். மண்வாசனை வந்தது. குளிர்ந்த காற்று ஐந்து நிமிஷம். வடக்கே வானம் கறுப்பு, எங்கள் தலைக்கு மேல் பளிச்சென்று வெள்ளை. மேகம் கடலுக்குள் போய்விட்டது. மீனுக்கு மழை.

"ஒரு ஆட்டோ வச்சு பிள்ளைச்சாவடிக்கே போயிருக்கலாம்" என்றாள்.

"நாளைக்கு வரும்."

"நீங்க சொன்னா வந்துடுமா? சர்க்கார் உத்தரவா?"

உள்ளே கொண்டுவந்த பிறகு இரண்டு மணி நேரம் முனகல்.

ஜூன் 16, செவ்வாய்

மழை.

மதியம் 12.10க்கு ஆரம்பித்தது. எச்சரிக்கை இல்லாமல், நேரே, கனமாக. சந்தில் பிள்ளைகள் சத்தம். வி. தூக்கம். இரண்டு நாளாகத் தூங்காமல் இருந்து, காலை பத்துக்குத்தான் கண் மூடினாள். நெற்றியில் சுருக்கம் இல்லாமல் தூங்கி ரொம்ப நாளாகிறது.

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றேன். எழுப்பாதீர்கள் என்று நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ஞாபகத்துக்கு வந்ததா, நான் வரவழைத்தேனா தெரியவில்லை. சாரல் உள்ளே வராமல் இருக்கக் கதவைச் சாத்தினேன். ஒன்றரை மணி நேரம் பெய்தது.

மூன்று மணிக்கு விழித்தாள். முதலில் மூக்குதான் விழித்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

சாத்திய கதவைப் பார்த்து: "எழுப்பியிருக்கலாம்."

நாளைக்கும் உண்டு என்று வானிலை அறிக்கை. அடுத்த தடவை எந்த நிலையிலும் எழுப்புவது என்று ஒப்பந்தம். அவள் விரலைப் பிடித்து என் உள்ளங்கையில் வைத்து, கைநாட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏழுமலை போன் செய்தார். நாளையிலிருந்து வரமாட்டார். விதைக்கிறார்.

ஜூன் 17, புதன்

நாள் முழுக்கத் தூறல், நசநசப்பு. மழை என்று சொல்ல முடியாது. வி. இதை ஏற்கவில்லை. "இது மழ இல்ல, தெளிக்கிறாங்க. பெருசா வரட்டும்."

உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கிறது. தீக்குச்சி பற்றவில்லை. கதவு திறக்கும்போது கொஞ்சம் உரசியது. மழைக்கு எல்லாக் கதவும் இப்படித்தான். பலங்கொண்ட மட்டும் இழுத்துச் சாத்தினேன்.

பாய் காரைக்கால் போயிருக்கிறார், தங்கை மகள் கல்யாணம். வெள்ளிக்கிழமை கிளம்புவாராம்.

ஜூன் 18, வியாழன்

உள்ளபடி எழுதுகிறேன்.

3.20க்கு இருட்டிக்கொண்டு வந்தது. வி. விழித்திருந்தாள். அவளே முதலில் சொன்னாள், "இதுதான்." நீலப் புடவையைப் போர்த்தச் சொன்னாள். கீழ்க் கடைக்காரரைக் கூப்பிட்டேன், வந்தார், இருவருமாக நாற்காலியில் வைத்தோம். வலிக்கிறதா என்றேன். "அப்புறம் சொல்றேன், தள்ளுங்க."

3.35க்கு மழை இறங்கியது. பெரிய மழை.

தாழ்ப்பாளை எடுத்தேன். கதவு அசையவில்லை. தள்ளினேன். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். மேலே கொஞ்சம் வளைந்து கொடுத்தது, ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கீழே கல் மாதிரி. கீல்கள் வெளிப்பக்கம்.

உள்படி வழியாக இறங்கி, சந்து வழியாகச் சுற்றி, வெளிப்படி ஏறினேன். மேடை சமமாக இல்லை. கதவுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பலகை கூரை மாதிரி மேலே கிளம்பி, கதவின் அடியில் ஆப்பாக நிற்கிறது. திருகுகள் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கின்றன. மற்ற பலகைகள் அப்படியே, ஒரு சந்து இல்லாமல். தண்ணீர்கூடக் கீழே இறங்காமல் மேலேயே தேங்கி நிற்கிறது.

கீல் ஆணிகள் துருவேறி அசையவில்லை. கடப்பாரை இல்லை. தேங்காய் உரிக்கிற பாரை கிடைத்தது. நெம்பினேன். பலகை விளிம்பு சிதறியது, ஆனால் எழவில்லை. அகப்பட்டதையெல்லாம் வைத்து அடித்தேன். வயசு அறுபத்தொன்பது. கதவுக்கு அந்தப் பக்கம் வி. இருப்பது தெரியும், மூன்றடி தூரம் இருக்கும். கடைக்காரர் உள்ளிருந்து "சார், தள்ளவா, தள்ளவா" என்றார். கொஞ்ச நேரத்துக்குப் பின் அதுவும் நின்றது.

வி.யின் குரல்: "போதும், வாங்க."

நாற்பது நிமிஷம் அந்த மேடையில் நின்றிருக்கிறேன். முழுக்க நனைந்தது நான்.

சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். உள்படியில் தூக்கி இறக்கலாமா என்று கடைக்காரர் கேட்டார். அவளைப் பார்த்துவிட்டு அவரே வேண்டாம் என்றார். கட்டிலில் படுக்க வைத்துவிட்டுப் போனார்.

துண்டை எடுத்துத் தலை துவட்டப் போனேன்.

"தொடைக்காதீங்க. கிட்ட வாங்க."

குனிந்தேன். என் தலையிலிருந்து சொட்டியது அவள் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் தூக்க முடியவில்லை, அதனால் என் சட்டைக் கையை அவள் கழுத்தில் வைத்தேன். பிழிந்தேன். மரவாசனை அடித்தது, சிராய் ஒட்டியிருந்தது.

"ஜில்லுன்னு இருக்கு" என்றாள். பிறகு, "கரீம்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நல்லா நனைஞ்சேன்னு சொல்லுங்க."

4.50க்கு மழை நின்றது.

ஜூன் 19, வெள்ளி

பேச்சு இல்லை. கூப்பிட்டால் புருவம் மட்டும் அசைகிறது. நர்ஸம்மா மூச்சை எண்ணினார், வெளியே போய்ப் போன் பேசினார், திரும்பி வந்து என்னைச் சாப்பிடச் சொன்னார். அருணுக்குச் சொன்னேன். டிக்கெட் கிடைத்துவிட்டது.

வெயில் அடிக்கிறது. கதவு அப்படியே.

பாய் காரைக்காலிலிருந்து போன்: "டீச்சர் எப்டி இருக்காங்க? மழ நல்லா பேஞ்சிச்சாமே அங்க."

அவ நல்லா நனைஞ்சா என்றேன்.

மறுமுனையில் அவர் யாரிடமோ திரும்பிச் சொல்வது கேட்டது: "நம்ம போட்ட மேடையில ஒக்காந்து நனைஞ்சாங்களாம்."

கதவோரம் ஒரு சின்ன வேலை இருக்கிறது, நாளைக் காலை ரம்பத்தோடு வாருங்கள் என்றேன். என்ன வேலை என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

நேற்று காலை எட்டு மணிக்கு பாய் வந்து கதவோரம் இரண்டு பலகையை அறுத்து எடுத்தார். கதவு இப்போது முழுதாகத் திறக்கிறது. மதியம் அருண் வந்து சேர்ந்தபின், மூன்றே காலுக்கு, விசாலத்தைப் பாடையில் அந்த வழியாக இறக்கினார்கள்.